பணியிடப் பாலினச் சமத்துவப் பயிற்சித் தொகுப்பு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, பாலினச் சமத்துவம், பன்மைத்துவம் ஆகியவற்றைக் கற்றுத்தரும் பயிற்சி நிறுவனங்கள் இன்று தொழில் நகரங்கள் அனைத்திலும் இயங்குகின்றன. கோவைப் பகுதியில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் ஆலை, அத்தகைய நிறுவனம் ஒன்றிடமிருந்து ஓராண்டுக்கான சேவைத் தொகுப்பை வாங்கியது. இணையவழிப் பாடம், ஆலைக்கே வந்து நடத்தும் நேரடி வகுப்பு, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர்களுக்கான தனிப்பயிற்சி, அக்குழுவுக்கு ஒரு வெளி உறுப்பினர் ஆகியவை அதில் அடங்கியிருந்தன. குழுவின் உறுப்பினராக இருப்பதால் இவை அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஏறத்தாழ இதே வடிவத் தொகுப்பைப் பல நிறுவனங்களும் விற்பதால், பெயரைக் குறிப்பிடாமல் சேவையின் தன்மையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். நேரடி வகுப்பும் குழுவுக்கான பயிற்சியும் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவை. இணையவழிப் பாடம் அப்படியல்ல. வெளி உறுப்பினரை இதே நிறுவனத்திடமிருந்து பெறுவதோ அறவே கூடாது என்பது என் முடிவு.

இத்தகைய பயிற்சிகளுக்குச் சந்தை உருவானதற்குக் காரணம் சட்டம். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அதையொட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அவை நாடாளுமன்றச் சட்டமாக மாற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சியைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்துவதை வேலையளிப்பவரின் கடமையாக்குகிறது. ஒரு வேலைத்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த சட்டம் இது என்பதை நினைவில் வைத்தே இப்பயிற்சிகளின் தரத்தை நான் அளக்கிறேன்.

முதலில் இணையவழிப் பாடத்தைப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் காணொளித் தொகுப்பு அது. இடையிடையே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும், முடிவில் ஒரு சான்றிதழும் உண்டு. தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் கிடைக்கிறது. கட்டணம் ஆள் கணக்கில். பாலியல் துன்புறுத்தல் என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதை அது தெளிவாகவே விளக்குகிறது. தொடுதல், பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுதல், விருப்பத்துக்கு மாறான வேறு எந்த உடல்மொழியும் சொல்லும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு காட்சி உண்டு. நடிப்பும் படப்பிடிப்பும் தரமானவை. கணினியின் முன் அமர்ந்து வேலை செய்யும் ஒருவர் இதைப் பார்த்து அடிப்படைகளைத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்குப் பாடம் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு திரை மட்டுமே. வேலையில் சலுகை கிடைக்கும் என்ற வாக்குறுதி, பாதகம் நேரும் என்ற மிரட்டல், வேலை நீடிக்குமா என்பது பற்றிய அச்சுறுத்தல், அச்சமூட்டும் பணிச்சூழலை உருவாக்குதல், உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கும் அவமதிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் பிரிவு அது. அதாவது, யாருடைய கையில் யாருடைய பிழைப்பு இருக்கிறது என்பதைச் சட்டம் நேராகப் பார்க்கும் இடம். எங்கள் ஆலையில் ஒரு பெண்ணுக்கு எந்த ஷிஃப்ட், எத்தனை ஓ.டி. (கூடுதல் நேர வேலை), திருவிழாவுக்கு விடுப்பு உண்டா, ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்கப்படுமா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் லைன் சூப்பர்வைசர் ஒருவரே முடிவு செய்கிறார். துன்புறுத்தல் நடக்கும்போது அது வாய் திறக்க முடியாததாக ஆவது இந்த அதிகாரத்தால்தான். பாடமோ காப்பி இயந்திரத்துக்கு அருகில் இரண்டு சக ஊழியர்கள் பேசிக்கொள்ளும் காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நயமாக நடந்துகொள்ளத் தெரியாத ஒருவருக்கு நயத்தைக் கற்றுக்கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையே அது பார்ப்பவர் மனத்தில் பதிக்கிறது.

ஒரு காட்சியில் பெண் ஊழியர் அசௌகரியத்தைத் தெரிவித்ததும், தாம் தவறான எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை என்று ஆண் ஊழியர் விளக்குகிறார், இருவரும் சமாதானமாகிறார்கள். நடைமுறையில் இப்படியும் நடக்கலாம். ஆனால் ஒரு நடத்தை துன்புறுத்தலா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில், செய்தவரின் நோக்கத்தைவிட அதை எதிர்கொண்டவர் எவ்வாறு உணர்ந்தார் என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பயிற்சி நிறுவனம் அந்தக் காட்சியை இன்னும் மாற்றவில்லை. புகார்களைப் பதிவு செய்வதற்காக ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் புதுப்பித்து வெளியிட்ட ஷி-பாக்ஸ் இணையதளத்தைப் பற்றியும் தமிழ்ப் பதிப்பில் ஒரு சொல்கூட இல்லை. ஆண்டுதோறும் கட்டணம் வாங்கும் சேவை ஆண்டுதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

இதைவிடப் பெரிய குறை, பாடத்தை யார் பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நிறுவன மின்னஞ்சல் முகவரி இருக்கும் என்ற அனுமானத்தில் அது உருவாக்கப்பட்டிருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலும் பேக்கிங்கிலும் வேலை செய்யும் பெண்கள் யாருக்கும் அப்படி ஒரு முகவரி கிடையாது. ஆகவே அவர்களைக் கேன்டீனில் உட்காரவைத்து, பெரிய திரையில் காணொளியை ஓட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்துகளைச் சான்றிதழ்களாக மாற்றினார்கள். வருகையைக் கவனித்துக்கொண்டவர்கள் அவர்களுடைய சூப்பர்வைசர்களே. யாரிடமிருந்து காத்துக்கொள்ளச் சட்டம் வழிசெய்கிறதோ அவர்களின் கண்ணெதிரில் அமர்ந்து, கேள்வி கேட்க யாரும் இல்லாத ஒரு திரையைப் பார்த்தார்கள் அந்தப் பெண்கள். இதற்குப் பின் மனிதவளத் துறையின் கணினியில் பயிற்சி முழுமையாக முடிந்துவிட்டதாகப் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் தெரிந்தது. பயிற்சி நிறுவனம் தன் விற்பனைக் குறிப்பில் முதன்மையான சிறப்பாக முன்வைப்பதும் அந்தக் கட்டத்தைத்தான். இது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

பன்மைத்துவம் பற்றிய இரண்டாம் பாடம், நம்மையறியாமல் நம் மனத்தில் இருக்கும் பாரபட்சங்களைப் பற்றியது. வெளிநாட்டுப் பாடமொன்றைத் தழுவி எழுதப்பட்டது என்பது பார்த்தவுடனேயே புரிகிறது. இனம், நிறம், வயது, உடல் தோற்றம் எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு, சாதிக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஒரு வேலைத்தளத்தின் பாகுபாடுகளைப் பேசவந்து சாதியைப் பேசாமல் முடிக்கும் பாடத்தை முழுமையற்றது என்று மட்டும் சொல்லி என்னால் நகர்ந்துவிட முடியவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்துவந்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தின் பயனாக 2022 ஏப்ரலில் ஏற்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே கையாண்டது. ஆலைத் தளத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கும் முறையை அது கொண்டுவந்தது. பன்னாட்டு ஆடை நிறுவனமான ஹெச் அண்ட் எம் அதில் கையொப்பமிட்டது. நம் மாநிலத்திலேயே நடந்த இந்த ஏற்பாடு, இங்குள்ள ஆலைகளுக்கு விற்கப்படும் பாடம் ஒன்றில் இடம்பெற்றிருக்க வேண்டாமா?

அதே பாடம் வேலைப் பிரிவினையையும் தொடவில்லை. எங்கள் ஆலையில் பெண்களின் எண்ணிக்கை குறைவானதல்ல; நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 10-ல் 4 பேர் தமிழ்நாட்டில் இருப்பதால், இது இங்கே பல ஆலைகளுக்கும் பொருந்தும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே கேள்வி. கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தை இயக்குபவர்களும் அதை வேலைக்கேற்ப அமைத்துத் தரும் செட்டர்களும் பராமரிப்புப் பிரிவினரும் ஆண்கள். அளந்து பார்த்துத் தரம் பிரிப்பவர்களும் பெட்டியில் அடுக்குபவர்களும் பெண்கள். ஊதியப் படிநிலை இந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது. மைக்ரோமீட்டரைக் கையாண்டு நுண்ணளவில் பிழை கண்டுபிடிக்கும் பெண்ணின் திறமை, ஊதியத்தைப் பொறுத்தவரை, திறமையாகவே எண்ணப்படுவதில்லை. ஒரே வேலைக்கும் அதை ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. மனத்திலுள்ள பாரபட்சத்தைப் பற்றி நெடுநேரம் பேசும் பாடம், ஊதியப் பட்டியலில் அச்சேறி நிற்கும் பாரபட்சத்தைப் பற்றி ஒரு கேள்வியைக்கூட எழுப்பவில்லை.

பயிற்சியால் மட்டும் எதுவும் மாறிவிடுவதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், மேலாளர்களின் பாரபட்சத்தைக் குறைப்பதற்கான பயிற்சிகளே மிகக் குறைந்த பலன் தந்தவை என்று கண்டறிந்தனர். மாற்றத்துக்குப் பொறுப்பேற்கும் குழுக்களையும் அலுவலர்களையும் நியமித்த நிறுவனங்களில்தான் மேலாளர் பதவிகளில் பெண்களின் பங்கும் கறுப்பினத்தவரின் பங்கும் பரவலாக உயர்ந்தன. அப்படிப் பொறுப்பேற்பவர்கள் இருக்கும் இடத்தில் பயிற்சிக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. அமெரிக்கச் சூழல் வேறு, நம் சூழல் வேறு என்றாலும், பொறுப்பு யாருடையது என்று எழுதிவைக்காத இடத்தில் பயிற்சி எடுபடுவதில்லை என்பதை எங்கள் ஆலையிலும் என்னால் பார்க்க முடிகிறது.

இனி நேரடி வகுப்புக்கு வருகிறேன். தொகுப்பிலேயே மிகச் சிறந்த பகுதி இதுதான், அதற்கு முழுக் காரணம் பயிற்றுநராக வந்த பெண்மணி. அவர் செய்த முதல் வேலை, சூப்பர்வைசர்களை மரியாதையுடன் வெளியே அனுப்பியது. அவர்களுக்கு மறுநாள் தனி வகுப்பு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். காணொளியைப் போடவில்லை, திரையும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, ஒரு நாளில் வீட்டிலிருந்து கிளம்பி மறுபடி வீடு திரும்பும்வரை எந்தெந்த இடங்களைக் கடக்கிறீர்கள் என்று கேட்டார். கம்பெனி பஸ், நுழைவாயில் சோதனை, உடைமாற்றும் அறை, லைன், கேன்டீன், மீண்டும் பஸ் என்று பெண்கள் சொல்லச் சொல்ல, சட்டத்தின்படி இவை அனைத்தும் பணியிடமே, நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே என்று விளக்கினார். இரவு ஷிஃப்ட் பஸ்ஸில் நடப்பது ஆலைக்கு வெளியே நடப்பதாகக் கருதப்படும் என்று அதுவரை நம்பியிருந்த பலரின் முகங்கள் அப்போது மாறியதைப் பார்த்தேன்.

சிறிது நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. "மேடம், நாங்க காண்ட்ராக்ட்ல இருக்கோம், எங்க பேரு கம்பெனி ரெஜிஸ்டர்லயே இருக்காது. நாங்களும் இந்தக் கமிட்டிகிட்ட போகலாமா?" என்று ஒருவர் கேட்டார். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், தற்காலிகப் பணியாளர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்களே என்று அவர் பதில் சொன்னார். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை என்பதையும், கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம் என்பதையும் சொன்னார். அப்போது மூத்த தொழிலாளி ஒருவர், "அதெல்லாம் சரிங்க அக்கா. சூப்பர்வைசர் மேலயே புகார் குடுத்துட்டா, அடுத்த மாசம் எனக்கு ஓ.டி. யாரு போடுவா?" என்று கேட்டார். இணையவழிப் பாடம் ஒதுக்கிவிட்ட 3-ஆம் பிரிவு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

பயிற்றுநர் அதற்குச் சமாளிப்பான பதில் எதையும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை புகார் கொடுத்தவரையோ எதிர்த்தரப்பினரையோ வேறு பிரிவுக்கு மாற்றவும், புகார் கொடுத்தவருக்கு 3 மாதங்கள் வரை விடுப்பு அளிக்கவும் 12-ஆம் பிரிவின்கீழ் குழு பரிந்துரைக்கலாம் என்றும், விடுப்பு வேண்டாம், ஓ.டி.யும் குறையக் கூடாது என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்றும் விளக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, புகார் கொடுத்த பெண்ணின் ஓ.டி. கணக்கை அடுத்த ஆறு மாதங்களுக்கு இந்தக் குழு கவனித்து வருமா என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். கவனிப்போம் என்று எங்கள் குழுவின் தலைமை அலுவலர் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குறுதி இப்போது குழுவின் நடைமுறைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தொகுப்பு எங்கள் ஆலையில் ஏற்படுத்திய உறுதியான மாற்றம் என்று நான் சுட்டிக்காட்டக் கூடியது இதுதான்.

குழந்தைகள் காப்பகம் பற்றியும் கேள்வி வந்தது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியதையும், தாய் ஒரு நாளில் 4 முறை குழந்தையைப் பார்த்துவரலாம் என்பதையும் பயிற்றுநர் சொன்னார். ஒப்பந்தத்தில் இல்லாத பொருள் என்று தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னதைப் பாராட்ட வேண்டும்.

குழு உறுப்பினர்களுக்கான தனிப்பயிற்சியும் நன்றாகவே இருந்தது, குறிப்பாக மாதிரி விசாரணை. கற்பனையான புகார் ஒன்றை எடுத்துக்கொண்டு, புகாரின் நகலை எதிர்த்தரப்பினருக்கு 7 வேலைநாட்களுக்குள் அனுப்புவது, அவர் 10 வேலைநாட்களுக்குள் பதிலளிப்பது, தலைமை அலுவலர் உட்படக் குறைந்தது 3 உறுப்பினர்களாவது அமர்ந்திருப்பது, 90 நாட்களுக்குள் விசாரணையை முடிப்பது என்று ஒவ்வொரு படியையும் எங்களைக் கொண்டே செய்துபார்க்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையையோ பழைய உறவுகளையோ பற்றிய கேள்வி எழுந்த உடனே பயிற்றுநர் நிறுத்தினார். புகாரை நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே அது பொய்ப் புகார் என்பதற்கு ஆதாரமாகாது என்று 14-ஆம் பிரிவு சொல்வதை அவர் பலமுறை வலியுறுத்தினார். உறுப்பினர்களில் சிலருக்கு அது புதிய செய்தியாக இருந்தது. திருநங்கை, திருநம்பி ஊழியர்கள் இச்சட்டத்தின் பாதுகாப்பை எளிதில் பெற முடியாத நிலையையும், 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் தனியாகக் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதையும் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். ஓரிரு நிமிடங்களில் கடந்துவிட்டார்கள்.

வெளி உறுப்பினர் சேவையைப் பொறுத்தவரை, அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. வந்தவர் சட்டம் நன்கு அறிந்த வழக்கறிஞர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் குழுவில் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்வது, நிர்வாகத்தின் அழுத்தத்துக்கு அஞ்சாத ஒரு குரல் விசாரணையில் இருக்க வேண்டும் என்பதற்காக. மேலாளர் ஒருவர்மீது புகார் வந்து, அதில் கடுமையான பரிந்துரை செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டால், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற எண்ணம் பயிற்சி நிறுவனத்துக்கு எழாமல் இருக்குமா? அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் அந்த மேலாளரின் நண்பராகவும் இருக்கக் கூடும். நேர்மையான மனிதரைக்கூட இப்படியொரு இக்கட்டில் நிறுத்துவது தவறு. புகார் கொடுக்கும் பெண்ணின் பார்வையிலோ, கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் மற்றொருவராகவே அவர் தெரிவார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் எங்கள் குழு நிர்வாகத்துக்குக் கொடுத்த பரிந்துரை இதன்படியே அமைந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் இணையவழிப் பாடம் போதும். ஆலைத் தளத்துக்கு ஆண்டில் இருமுறை நேரடி வகுப்பு, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனியாக, சூப்பர்வைசர்கள் இல்லாமல், வேலை நேரத்துக்குள்ளேயே நடத்தப்பட வேண்டும். வெளி உறுப்பினரை ஆலையுடன் வேறு வணிகத் தொடர்பு இல்லாத மகளிர் அமைப்பு ஒன்றிலிருந்து அழைக்க வேண்டும். நேரடி வகுப்பும் குழுப் பயிற்சியும் அதே நிறுவனத்திடமே தொடர்வதாக முடிவாகியிருக்கிறது. வெளி உறுப்பினரை மாற்றுவதற்கும் நிர்வாகம் இசைந்துவிட்டது. ஷிஃப்ட் வாரியாக வகுப்பு நடத்தினால் உற்பத்தி பாதிக்கும் என்ற தயக்கம் மட்டும் மீதமிருக்கிறது, அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதுபோன்ற தொகுப்பை வாங்க நினைக்கும் மனிதவளத் துறையினருக்கு ஒன்று சொல்வேன். விற்பனைப் பிரதிநிதி காட்டும் மாதிரிக் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆலைத் தளத்துக்கு வரப்போகும் பயிற்றுநர் யார் என்று கேட்டு, அவரை நேரில் சந்தித்துப் பேசுங்கள். ஒப்பந்தத்தில் அவர் பெயரையே குறிப்பிடச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவர் அதே நிறுவனத்தின் இன்னொரு பயிற்றுநராக இருந்திருந்தால், கேன்டீன் திரையில் ஓடிய காணொளியைத்தான் வகுப்பறைத் திரையிலும் ஓட்டியிருப்பார் என்பதை, எங்கள் பயிற்றுநரின் பாடக்குறிப்புக்கும் அவர் நடத்திய வகுப்புக்கும் இருந்த தூரத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.